ஏழாம் நம்பருக்கு வைத்த பொட்டு

செய்கு அலாவுதீன் துப்பாக்கியைப் பற்றி மட்டும் பொய் சொல்ல மாட்டார். மற்ற எல்லாவற்றைப் பற்றியும் சொல்வார். இதில் பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. துப்பாக்கியை யார் வேண்டுமானாலும் கையில் வாங்கிப் பார்த்துச் சரிபார்த்துவிடலாம். தம்மாம் துறைமுகத்தில் கப்பலின் நங்கூரத்தை விழுங்கிவிட்டு, கப்பலையும் கேப்டனையும் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு திரிந்த சுறாமீனை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

கீழக்கரைக்காரர். அபுதாபியில் ஓர் அரபியின் கடையில் விலை மதிப்பிடும் வேலை. அந்த முதலாளியை எல்லாரும் அர்பாப் என்றே அழைப்பார்கள். கடையில் விற்பது நம்பர் போட்ட துப்பாக்கிகள். அதாவது ஐரோப்பாவில் ஒரு பட்டறை இருபத்தைந்தே இருபத்தைந்து துப்பாக்கி செய்யும். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் வெட்டும். செய்து முடித்ததும் அச்சை உடைத்துப் போட்டுவிடும். உலகத்தில் இருக்கிற பணக்காரர்கள் எல்லாரும் அந்த இருபத்தைந்துக்கு அடித்துக்கொள்வார்கள். வாங்கியவர்கள் சுட மாட்டார்கள். ஒரே ஒரு தோட்டா வெளியே போனாலும் விலை படுத்துவிடும். பிறந்த நாளிலிருந்து ஒரு வேலையும் பார்க்காமல் பெட்டிக்குள் மல்லாந்து கிடந்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் மதிப்பு. வேலைக்குப் போகாத மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கிற இடம் இந்த வியாபாரம் ஒன்றுதான் என்று அலாவுதீன் சொல்வார்.

அவர் விலை சொல்லும் விதமே தனி. வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, முதலில் துப்பாக்கியைப் பார்க்க மாட்டார், பெட்டியைப் பார்ப்பார். பெட்டியின் மூலைகள் இடிபடாமல் இருக்கின்றனவா, உள்ளே சுற்றிவந்த தாள் அதே தாள்தானா என்று பார்ப்பார். பிறகு குழலில் ஒரு நம்பர், மரக்கட்டையில் ஒரு நம்பர், பெட்டியில் ஒரு நம்பர். மூன்றும் ஒன்றா என்று பார்ப்பார். கடைசியில் திருகாணிகள். திருகாணியின் தலையில் எவனாவது ஸ்குரூடிரைவர் வைத்த கீறல் தெரிந்தால், பெண்ணுக்கு ஏற்கெனவே நிச்சயமான செய்தி காதில் விழுந்த மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். எல்லாம் சரியாக இருந்தால் கண்ணை மூடி ஒரு விலை சொல்வார். அந்த விலைக்கு மேலும் கீழும் எவனும் வாதாடியதில்லை.

ஆனால் அதே வாய் விலை சொல்லி முடித்ததும் அவிழ்த்துவிடும் கதைகளைக் கேட்க ஆள் கிடையாது. அர்பாப் பாதியிலேயே போனை எடுத்துக்கொள்வார். கீழக்கரையில் இருக்கும் மனைவி அஸ்மத் பீவி, "சரி சரி, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கதையின் நடுவில் கேட்பாள். வளைகுடா முழுவதிலும் அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் நம்புகிற ஆள் ஒருவன்தான் இருந்தான். அவன் பெயர் முனியசாமி.

கமுதிப் பக்கத்துக்காரன். தோஹா தொழில்பேட்டையில் பல வருடம் பட்டறை வேலை பார்த்துவிட்டு, அபுதாபிக்கு வந்து, இந்தக் கடையில் தேநீர் போடுவது, கண்ணாடி துடைப்பது, கதவு திறப்பது என்று மூன்று உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே ரூம். முனியசாமி சமைப்பான், அலாவுதீன் கதை சொல்வார்.

"அல் கோபார்ல நான் இருந்தப்போ ஒரு வருசம் அடிச்ச வெயிலிருக்கே, மனுசனோட நெழலெல்லாம் பொறுக்க முடியாம ஆளை விட்டுட்டு முன்னாலேயே ஓடிப்போய் ஏசி பில்டிங்குக்குள்ள உக்காந்துக்கிருச்சு."

முனியசாமி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தான். "அத்தன நெழல்ல ஒங்க நெழல் எதுன்னு எப்படிப் பாய் கண்டுபுடிச்சீக?"

"செருப்ப வச்சுத்தான். என் நெழலுக்கும் இடது செருப்புல வார் அறுந்திருந்துச்சு."

"அது சரி," என்று அவன் மறுபடி நறுக்கத் தொடங்கினான். இப்படி ஒரு ஆள் கிடைப்பது, நம்பர் ஒன்று வெட்டிய துப்பாக்கி கிடைப்பதைவிட அரிது என்பது அலாவுதீனுக்குத் தெரியும்.

அந்த ஆளுக்குத்தான் ஆபத்து வந்தது. கடை வாசலில் இருந்த பிளாஸ்டிக் பேரீச்சை மரத்துக்கு முனியசாமி தினமும் தண்ணீர் ஊற்றி, அடியில் கிடந்த ஈரானியக் கம்பளத்தை அழுக வைத்துவிட்டான். "இன்னொரு தப்பு. ஒன்றே ஒன்று. அடுத்த விமானத்தில் ஊருக்கு," என்று அர்பாப் விரலை ஆட்டிச் சொன்னார். அலாவுதீனுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. இவன் போய்விட்டால் சுறாமீனை யாரிடம் சொல்வது?

இந்த நேரத்தில்தான் நம்பர் ஏழு வந்து சேர்ந்தது. ரெட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. பக்கவாட்டில் வெள்ளித் தகட்டில் நுணுக்கமான பூவேலை, தேன் நிறத்தில் வால்நட் மரக்கட்டை. சுட்டதில்லை, கழற்றியதில்லை. இதற்காகவே தோஹாவிலிருந்து அபு காலித் என்ற பெரிய மனிதர் புறப்பட்டு வருவதாக ஏற்பாடு. அவருக்கு ஏழு என்றால் உயிர். காரின் நம்பர் பிளேட்டில் ஏழு மட்டும்தான் இருக்கும். அவரிடம் இருக்கிற பந்தய ஒட்டகங்களில் ஏழாவதற்கு மட்டும் தனி ஏசியும் ஒரு டாக்டரும் உண்டு என்று அர்பாப் சொன்னார். அர்பாப் பொய் சொல்கிறவர் அல்ல. அதற்கான கற்பனை அவருக்குக் கிடையாது.

அபு காலிதை அழைத்துவர அர்பாப் விமான நிலையத்துக்குப் போனார். அலாவுதீன் நம்பர் ஏழைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேசைமேல் பச்சை வெல்வெட் விரித்துப் படுக்கவைத்தார். "வாசலப் பாத்துக்க, யாரையும் உள்ள விடாத," என்று முனியசாமியிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு நண்பகல் தொழுகையான லுஹர் தொழப் போனார். திரும்பி வந்தபோது யாரும் உள்ளே வந்திருக்கவில்லை. முனியசாமி சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் நம்பர் ஏழு நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக, கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்கிய மாதிரி படுத்திருந்தது.

"என்ன முனியசாமி இது?"

"இன்னைக்கி ஆயுத பூசை பாய்."

"அது எனக்கும் தெரியும். இது என்னங்கிறேன்?"

"பொட்டு பாய்."

அலாவுதீன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"இத்தன வருசமா ஆயுத பூசைன்னு பேரு பாய். நான் வச்சதெல்லாம் ஸ்பேனருக்கும் மிக்சர் மிசினுக்கும். தோஹாவுல ஒரு வருசம் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வச்சேன், பாகிஸ்தான்காரன் ஓட்டுன வண்டி, அவனும் ஒண்ணும் சொல்லல. ஆனா உருப்படியா ஒரு ஆயுதத்த நான் கண்ணால பாத்ததில்ல. இன்னைக்கின்னு பாத்து நீங்களே மேசையில துணி விரிச்சு எடுத்து வச்சிருக்கீக. எனக்காகத்தான் வச்சிருக்கீகன்னு நெனச்சிட்டேன்."

"ஒனக்காகவா? இது என்ன ஒங்க அப்பன் ஒழவுக்கு வாங்கிப் போட்ட கலப்பையா?"

முனியசாமிக்கு விஷயம் மெதுவாகப் புரிந்தது. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயையும் துணியையும் எடுத்துக்கொண்டு பாய்ந்தான். "ஒரே தேய்ப்பு பாய், தடமே தெரியாது."

"கைய எடு!" அலாவுதீன் போட்ட சத்தத்தில் அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. இந்த வியாபாரத்தில் கறையைவிடப் பெரிய குற்றம் கறையைத் துடைப்பது. மரக்கட்டையில் ஏற்றியிருக்கும் எண்ணெய்ப் பூச்சு செய்தவன் கையிலிருந்து வந்தது. ஒரு முறை தேய்த்தால் அது போய்விடும். போனால் நம்பர் ஏழு வெறும் நல்ல துப்பாக்கி ஆகிவிடும். குனிந்து பார்த்தார். தகட்டில் இருந்தது பரவாயில்லை. ஆனால் முனியசாமி அர்பாபின் பன்னீரில் சந்தனத்தைக் குழைத்திருந்தான். குங்குமம் அதோடு சேர்ந்து மரத்துக்குள் இறங்கி, காசளவு சிவப்பாக உட்கார்ந்துவிட்டது. இனி அது போகாது.

அவர் வாயில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பொய்கள் வந்து நின்றன. பட்டறைக்காரனே வைத்த முத்திரை என்று சொல்லலாம். மரத்திலேயே இருந்த இயற்கையான மச்சம் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அர்பாப் நம்பிவிடுவார், முனியசாமி தப்பிவிடுவான். ஆனால் துப்பாக்கி என்றதும் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. எத்தனையோ வருடப் பழக்கம். அதற்குள் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அர்பாப் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதை எடுக்க மறந்துவிட்டார். முகம் மட்டும் அதன் பின்னால் நிறம் மாறியது. "முனியசாமி," என்றார் மெதுவாக. "பாஸ்போர்ட். கலாஸ்."

முனியசாமிக்கு அரபியில் பத்துச் சொல்தான் தெரியும். கதை முடிந்தது என்கிற இந்தக் கலாஸ் அதில் ஒன்று. கஹ்வா என்கிற அரபிக் காப்பி போடுகிற சாக்கில் பேன்ட்ரிக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

அபு காலித் நெடிய மனிதர். மேசைப் பக்கம் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அலாவுதீன் பக்கம் திரும்பினார். "நீர்தான் மதிப்பிடுகிறவரா? சொல்லும்."

அலாவுதீன் எழுந்து நின்று, அரபியில் கணீரென்று சொன்னார். "நம்பர் ஏழு. குழல், கட்டை, பெட்டி, மூன்றிலும் ஒரே நம்பர். திருகாணி எதுவும் திருப்பப்படவில்லை. ஒரு தோட்டாவும் போனதில்லை. இன்று லுஹர் வரைக்கும் இதில் ஒரு குறையும் இல்லை. லுஹருக்குப் பிறகு இதற்குப் பொட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கட்டையில் கறை இறங்கிவிட்டது, போகாது. அதற்காக மதிப்பில் கால்பங்கு குறைக்கிறேன்."

அர்பாப் கண்ணை மூடிக்கொண்டார்.

"வைத்தது யார்?" என்றார் அபு காலித்.

"எங்கள் ஆள். கஹ்வா போடுகிறான்."

"கூப்பிடும்."

முனியசாமி தட்டும் கையுமாக வந்து நின்றான். குவளைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. என்ன செய்தாய் என்று அபு காலித் வேலைக்கார இந்தியில் கேட்டார். "பாய், யே க்யா கியா?"

"சாப், சால் மே ஏக் தின்..." முனியசாமி அடுத்த சொல்லைத் தேடினான். "சப் மிசின் சுட்டி. காம் நை. பொட்டு, பூ, ஆராம்."

"வருடத்தில் ஒரு நாள் வேலை செய்யும் கருவிகளுக்கெல்லாம் லீவு கொடுத்து மரியாதை செய்வது இவர்கள் வழக்கம்," என்றார் அலாவுதீன்.

அபு காலித் புருவத்தைத் தூக்கினார். "இது ஒரு நாளும் வேலை செய்ததில்லையே. இதற்கு எதற்கு லீவு?"

அலாவுதீன் அதைத் தமிழில் கேட்டார். முனியசாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, நியாயமான கேள்விக்கு நியாயமாக யோசித்தான்.

"அதான் பாய் எனக்கே பாவமா இருந்துச்சு. வேலயும் இல்ல, லீவும் இல்லன்னா ஒரு சீவன் எப்படிப் பாய் பொழுதக் கழிக்கும்?"

அலாவுதீன் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். அபு காலித் முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வயிறு குலுங்கியது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, தலையில் கட்டிய கயிறு நழுவுகிற வரைக்கும் சிரித்தார். முனியசாமியை இன்னொரு கஹ்வா கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பந்தயத்தில் ஜெயித்த ஒட்டகத்துக்கு நாங்கள் என்ன செய்வோம்? தலையிலும் கழுத்திலும் குங்குமப்பூவைக் குழைத்துப் பூசுவோம். இதே நிறம்தான். தூரத்திலிருந்து பார்த்ததும் என் ஒட்டகம் முதலில் வந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது. இதுவோ ஓடாமலே ஜெயித்திருக்கிறது. மற்ற இருபத்து நாலு பேரிடமும் இது இருக்குமா?"

"இருக்காது," என்றார் அலாவுதீன். அது உண்மை.

"அப்படியானால் கால்பங்கு குறைத்தீரே, அதை முழு விலைக்கு மேல் கூட்டிக்கொள்ளும்."

அர்பாப் கண்ணைத் திறந்தார். அலாவுதீனுக்கு மூச்சு வந்தது. முனியசாமிக்கு விமானம் இல்லை. ஆனால் அபு காலித் இன்னும் முடிக்கவில்லை.

"பெட்டி, தாள் எல்லாம் இருக்கிறதல்லவா? அவற்றோடு இந்த ஆளையும் கொடுங்கள். என் வீட்டில் இரண்டு அறை நிறையத் துப்பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வைக்கட்டும்."

"எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் அர்பாப். கம்பளத்தின் நினைவு அவரை விட்டுப் போகவில்லை.

அலாவுதீனின் மூச்சு வந்த வழியே திரும்பிப் போனது. ஊருக்குப் போவதாக இருந்தவன் இப்போது தோஹாவுக்குப் போகப் போகிறான். எப்படிப் பார்த்தாலும் ரூமில் தனியாகச் சுவரைப் பார்த்துச் சுறாமீன் கதை சொல்ல வேண்டியதுதான். அவர் வெள்ளை உறையை மறுபடி மாட்டிக்கொண்டார். விலை சொல்லும்போது மட்டும் மாட்டுகிற உறை.

"தாராளமாகக் கூட்டிப் போகலாம். ஆனால் கூட்டினீர்களே கால்பங்கு, அதை நான் திரும்பக் குறைக்க வேண்டிவரும்."

"ஏன்?"

"இரண்டு அறைத் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்தால், பொட்டு வைத்த துப்பாக்கி உலகத்தில் இரண்டு அறை நிறைய இருக்கும். இன்று ஒன்றுதான் இருக்கிறது. தவிர, தோஹாவில் உங்கள் பெரியப்பா மகனும் துப்பாக்கி சேர்க்கிறவர்தானே?"

அபு காலிதின் முகத்தில் ஒரு மேகம் வந்தது. "சேர்க்கிறான்."

"வீட்டுக்கு வந்து கஹ்வா குடித்துவிட்டு, 'அந்த ஆளை ஒரே ஒரு நாள் அனுப்பு' என்று கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா உங்களால்?"

சொல்ல முடியாது. வீடு தேடி வந்து கேட்ட சொந்தக்காரனுக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அதனாலேயே அந்தப் பெரியப்பா மகனிடம் அபு காலிதின் இரண்டு ஒட்டகங்களும் ஒரு படகும் இருந்தன.

"இதே இருபத்தைந்தில் அவனிடமும் ஒன்று உண்டு," என்றார் அபு காலித் கசப்பாக. "பத்தொன்பது."

"அப்படியென்றால் ஒரே வழிதான்," என்று அர்பாப் குறுக்கே வந்தார். "பட்டறைக்காரன் அச்சை உடைப்பது போல இவனை ஊருக்கு அனுப்பிவிடுவோம்."

"அனுப்பலாம்," என்றார் அலாவுதீன் அமைதியாக. "ஊருக்குப் போன பிறகு இவனை யார் பிடித்து வைப்பது? தோஹாவிலிருந்து ஒரு டிக்கெட் போனால் புறப்பட்டு வந்துவிடுவான். பத்தொன்பதுக்கும் வைப்பான், மற்றதற்கும் வைப்பான். வேறு எவன் வைத்தாலும் அது போலி. இவன் வைத்தால் ஒரிஜினல். கை அதே கை."



"அப்போது என்னதான் செய்வது?" என்றார் அபு காலித்.

"இந்தக் கையை உங்கள் பெரியப்பா மகனுக்குத் தெரியாத இடத்தில், துப்பாக்கிகளுக்கு நடுவிலேயே, ஆனால் ஒன்றையும் தொடவிடாமல், பொறுப்பான ஒருவர் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும்." அலாவுதீன் பெருமூச்சு விட்டார். "எனக்குக் கஷ்டம்தான். என்ன செய்வது, ரூமும் ஒன்றாகப் போய்விட்டது. நான் பார்த்துக்கொள்கிறேன்."

அபு காலித் அர்பாபின் வலது கையைப் பிடித்தார். ஏழாம் நம்பர் தன் வீட்டில் இருக்கிற வரைக்கும் இந்த ஆள் இந்தக் கடையில்தான் இருக்க வேண்டும் என்று அர்பாபை வல்லாஹி, ஆண்டவன்மேல் ஆணை என்று சொல்லவைத்து வாக்கு வாங்கிக்கொண்டார். அர்பாபுக்கு விற்பனை முடிந்தால் சரி. கம்பளத்தை மன்னித்துவிட்டார். துப்பாக்கி பெட்டிக்குள் போனது. எல்லாரும் கை குலுக்கினார்கள். முனியசாமி பேன்ட்ரியில் இரண்டாவது முறை கஹ்வா காய்ச்சிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. இனி இந்த அரபி தன்னை என்ன செய்வானோ என்ற கவலையில் ஏலக்காயை இரண்டு மடங்கு போட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ரூமில் மீன் குழம்பு கொதித்தது.  முனியசாமி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"நெசத்தச் சொல்லுங்க பாய். எனக்கு என்னைக்கி டிக்கெட்டு?"

"டிக்கெட்டே கிடையாதுப்பா. அந்த ஆளு கறையோட அதே துப்பாக்கிய, நான் சொன்ன வெலைக்கு மேல போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. நீ இங்கயேதான் இருக்கணும்னு அர்பாப்கிட்ட சத்தியமும் வாங்கிட்டாரு."

முனியசாமி அவரை ஏறிட்டுப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அலாவுதீன் அவனிடம் அதுவரை பார்த்ததில்லை. அஸ்மத் பீவியிடம் பார்த்திருக்கிறார்.

"போங்க பாய். என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீக."

"அல்லாவுக்குப் பொதுவா நெசம்ப்பா!"

"கறை பட்ட சாமானுக்கு எவன் பாய் கூட வெல குடுப்பான்? காய்கறிக் கடையில தக்காளியில ஒரு புள்ளி இருந்தாலே தள்ளி வைக்கிறாங்க. நான் படிக்காதவந்தான், அதுக்காக இப்படியா? நம்புறாப்புல ஏதாவது சொல்லுங்க."

 பொட்டுக்குப் பின்னால் இவ்வளவு பாடுபட்டு ஆளைக் காப்பாற்றியாயிற்று. ஆளின் நம்பிக்கை கைவிட்டுப் போகிறது. அதுவும் வாழ்க்கையில் முதல் தடவையாக ரூமுக்குள் உண்மை பேசிய நாளில். அவர் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சரி. ஒன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? நீ வச்ச குங்குமம் குழலுக்குள்ள போயிருச்சு. அபு காலித் குனிஞ்சு பாத்தாரு பாரு, சரியா அந்த நேரத்துல அந்தத் துப்பாக்கி தும்மிருச்சு."

முனியசாமியின் கரண்டி நின்றது.

"நீ கஹ்வா போட உள்ள போயிருந்தே. யாராச்சும் தும்முனா சொல்ற பழக்க தோசத்துல அவரும் 'அல்லா ஒனக்கு ரகமத் செய்யட்டும்'னு சொல்லிட்டாரு. அப்புறந்தான் யாருக்குச் சொன்னோம்னு பாக்குறாரு, ஆள் வெலவெலத்துப் போயிட்டாரு. பொட்டு வச்ச கையி இங்கயே இருக்கணும், நாளைக்கி இதுக்குச் சளி கிளி புடிச்சா யாரக் கேக்குறதுன்னு அர்பாபப் புடிச்சுக்கிட்டாரு."

"ஒத்தத் தும்மலா, ரெட்டத் தும்மலா பாய்?"

"ரெட்டக்குழல்ல ஒத்தத் தும்மல் எப்படிப்பா வரும்?"

"அப்பச் சகுனம் நல்லதுதான்," என்றான் முனியசாமி. முகம் தெளிந்துவிட்டது. பெரிய மீன்துண்டாகப் பார்த்து எடுத்து அலாவுதீன் தட்டில் போட்டான். "நான் சந்தனம் வைக்கயிலயே உள்ள மூக்க உறிஞ்சுற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு பாய். சொன்னா நம்ப மாட்டீகன்னு பேசாம இருந்துட்டேன்."